எல்லைப் பலகையை யார் படிக்கிறார்கள்?

#1 கூடலூர் மழை

எங்கள் ஊரான கூடலூரில் வண்டியை ஊட்டிப் பக்கம் தவிர வேறு எந்தப் பக்கம் திருப்பினாலும் கொஞ்ச நேரத்தில் மாநிலம் தீர்ந்துவிடும். தொரப்பள்ளி, தெப்பக்காடு தாண்டினால் கக்கநல்லா, அதற்கு அப்பால் கர்நாடகத்தின் பந்திப்பூர். நாடுகாணியிலிருந்து இறங்கினால் கேரளத்தின் வழிக்கடவு, நிலம்பூர். தேவர்சோலை வழியாகப் போனால் பாட்டவயல், பிறகு கேரளத்தின் சுல்தான் பத்தேரி. பந்தலூர்ப் பக்கம் தாளூர், சோலாடி. இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஐந்து இடத்துக்கும் போய் வரவேற்புப் பலகைகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் 'பலகைப் பைத்தியம்' என்று பெயர் வைத்தாயிற்று.

படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. 'தமிழ்நாடு தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்பது கேரளத்திலிருந்து வருகிறவரைப் பார்த்து நிற்கிறது. எழுத்து தமிழ், கீழே சின்னதாக ஆங்கிலம். நாம் போகும்போது எதிரே நிற்பது கேரளத்தின் 'ஸ்வாகதம்', அது மலையாளத்தில். ஆக, வருகிற மலையாளிக்குத் தமிழில் வரவேற்பு, போகிற தமிழனுக்கு மலையாளத்தில் வரவேற்பு. நமக்குப் படிக்கத் தெரிந்த பலகை நம் முகத்துக்கு நேரே வருவது ஊரைவிட்டுப் போகும்போதுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது? 'நன்றி, மீண்டும் வருக.' இங்கேயே பிறந்து வளர்ந்தவனைப் பார்த்து!

அப்படியானால் இந்தப் பலகைகள் யாருக்காக? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய படங்கள் யாரிடமாவது இருந்தாலும் போடுங்கள்.

#2 கோவை ரைடர்

போட்டோவுக்குத்தான், வேறென்ன? மாதம் ஒரு தடவை மைசூர்ப் பக்கம் போவோம். கக்கநல்லா காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, அதனால் பின்னால் உட்கார்ந்திருப்பவன் ஓடுகிற வண்டியிலேயே ஒரு கிளிக். எல்லை தாண்டியதற்கு அதுதான் அத்தாட்சி. கேரளப் பக்கம் நிறுத்தலாம், அங்கே ஒன்றிரண்டு பலகையில் எங்கள் குரூப் ஸ்டிக்கரும் இருக்கிறது.

#3 கூடலூர் மழை

அந்த ஸ்டிக்கர் உங்களுடையதுதானா? ஒரு படத்தில் 'அன்புடன்' என்ற சொல்லின் மேல் மண்டை ஓடு ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. 'தமிழ்நாடு தங்களை மண்டை ஓடு வரவேற்கிறது' என்று இப்போது படிக்க வேண்டியிருக்கிறது.

#4 கோவை ரைடர்

மன்னிக்கவும். அடுத்த தடவை ஹேர் டிரையர் கொண்டு வருகிறேன், சூடு காட்டினால் உரிந்துவிடும். கரண்ட்டுக்கு என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன்.

#5 மைல்கல்

முதலில் இரண்டு ரகத்தைப் பிரித்துக்கொள்வோம். நெடுஞ்சாலைக்காரர்கள் வைக்கிற பலகை ஒன்று. ஐ.ஆர்.சி. 67 என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. எழுத்து எவ்வளவு உயரம், என்ன நிறம், இரவில் ஹெட்லைட் பட்டால் எப்படி மின்ன வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த ரகத்தில் அன்பு கிடையாது. 'எல்லை ஆரம்பம்', 'எல்லை முடிவு', அவ்வளவுதான். இன்னொரு ரகம் வளைவு, கும்பிடும் கை, பூ, அரசுச் சின்னம் எல்லாம் போட்டு நிற்பது. அதில் அவரவர் ரசனைதான் விதி. நகைக்கடைக்காரர் செலவு செய்திருந்தால் வரவேற்பைவிடக் கடைப் பெயர் பெரிதாக இருக்கும்.

சின்னங்களைக் கவனித்திருக்கிறீர்களா? நம்முடையது கோபுரம். கர்நாடகத்துடையது இரண்டு தலைப் பறவை, கண்டபேருண்டம். கேரளத்துடையதில் சங்குக்கு இரண்டு பக்கமும் யானை. மூன்று பலகைக்கும் கீழே நிஜ யானை எந்தச் சின்னத்தையும் பார்க்காமல் குறுக்கே போகிறது. சில நேரம் கம்பத்தில் முதுகைத் தேய்த்துவிட்டும் போகிறது.

எனக்குப் பலகையைவிட மைல்கல்தான் நம்பகம். தேசிய நெடுஞ்சாலை என்றால் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை, இது மூன்று மாநிலத்துக்கும் பொது. மாறுவது ஊர்ப் பெயர்தான். பந்திப்பூர்ப் பக்கம் 'ஊட்டி, ஊட்டி' என்று பார்த்துக்கொண்டே வருவீர்கள், கக்கநல்லா தாண்டியதும் அதே ஊர் 'உதகமண்டலம்' ஆகிவிடும். கேரளப் பக்கத்தில் கூடலூருக்கு ஒரு 'ல்' கூடி 'கூடல்லூர்'. எல்லை தாண்டியதை அந்த ஒரு எழுத்து சொல்கிற மாதிரி எந்த வளைவும் சொல்லாது.

#6 நடுவட்டம் குளிர்

எங்கள் அப்பா நாடுகாணியில் 'சென்னை மாநிலம்' என்று எழுதிய பலகையைப் பார்த்ததாகச் சொல்வார். 1952 வாக்கில், நிலம்பூருக்கு மரம் ஏற்றப் போனபோது. படம் ஒன்றும் இல்லை, பேச்சுதான்.

#7 மைல்கல்

அப்பா சொன்னதில் பலகை சரியாக இருக்கலாம், வருடம் தவறு. 1952ல் நாடுகாணிக்கு அந்தப் பக்கமும் சென்னை மாநிலம்தான். மலபார் அப்போது சென்னையின் ஒரு மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்தோடு சேர்ந்தபோதுதான் நாடுகாணியில் மாநில எல்லை பிறந்தது. அதற்கு முன்னால் அங்கே பலகை இருந்திருந்தால் மாவட்ட எல்லைப் பலகையாக இருந்திருக்கும்.

இன்னும் பின்னால் போனால் கூடலூரே மலபாரைச் சேர்ந்ததுதான். ஆக்டர்லோனி பள்ளத்தாக்கை 1873லும் தென்கிழக்கு வயநாட்டை 1877லும் நீலகிரியோடு சேர்த்தார்கள். வெள்ளைக்காரன் நிர்வாக வசதிக்கு ஒரு மாகாணத்துக்குள்ளேயே கிழித்த கோடு அது. எண்பது வருடம் கழித்து அதன் மேலேயே மாநில எல்லை வந்து உட்கார்ந்துகொண்டது. தாளூரில் கடை ஒரு மாநிலம், கடைக்காரர் வீடு இன்னொரு மாநிலம் என்று இருப்பதெல்லாம் அதனால்தான்.

கக்கநல்லா அப்படி இல்லை, அது பழைய எல்லை. அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். பெயரே கன்னடம்தான், 'ஹள்ள' என்றால் ஓடை. நம் வாயில் அது 'நல்லா' ஆகிவிட்டது. இன்னொரு வேடிக்கை: சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14 அன்று, மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது 1973 நவம்பர் 1 அன்று. இடையில் ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கக்கநல்லாவில் ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் மைசூர். அந்தக் காலத்துப் படம் யாரிடமாவது இருந்தால் என் மைல்கல் படங்கள் மொத்தத்தையும் தருகிறேன்.

#8 நடுவட்டம் குளிர்

அப்பாவிடம் கேட்டேன். "ஐம்பத்திரண்டு இல்லடா, கல்யாணத்துக்கு அப்புறம்" என்கிறார். கல்யாணம் 1958ல். சரி, மைல்கல் ஜெயித்தார்.

#9 பத்தேரி பஸ்

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு எதிர்வாதம். கூடலூரில், பந்தலூரில் மலையாளம் தெரியாதவர் எத்தனை பேர்? எங்கள் தெருவிலேயே நாலு வீடு மலையாளப் பத்திரிகை வாங்குகிறது. பணியர், முள்ளுக்குறும்பர், வயநாடன் செட்டி என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஜனம். 'மலையாளிக்குத் தமிழ், தமிழனுக்கு மலையாளம்' என்று நீங்கள் போட்ட கணக்கு கோயம்புத்தூரிலிருந்து பார்த்தால் சரி. எங்கள் பஸ்ஸில் சரி வராது.

பத்தேரியில் கடையில் வேலை. இருபது வருடமாகப் போய் வருகிறேன். எல்லைப் பலகையைப் பஸ்ஸில் யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. எல்லை வந்துவிட்டது என்பது செல்போனுக்கு வருகிற மெசேஜில் தெரியும், ரோட்டின் சத்தத்தில் தெரியும். தார் ஒரு கோட்டில் மாறும், டயர் சத்தமும் அங்கே மாறும். தூங்கிக்கொண்டிருந்தாலும் எனக்கு விழிப்பு வந்துவிடும்.

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் ஒரு வெளியூர்ப் பெரியவர் 'கே.எஸ்.ஆர்.டி.சி. எங்கே நிற்கும்' என்று கேட்டார். 'எந்தக் கே.எஸ்.ஆர்.டி.சி.?' என்றேன். விழித்தார். கேரளத்துக்கும் அதே எழுத்து, கர்நாடகத்துக்கும் அதே எழுத்து, அந்தப் பெயர் யாருக்கு என்று கோர்ட் வரைக்கும் போனார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் நிற்கிற ஊர் இது. பெரியவர் போக வேண்டியது குண்டல்பேட், நல்லவேளை கேட்டார்.

#10 கூடலூர் மழை

உங்கள் எதிர்வாதம் பாதி சரி. பேசுவது வேறு, படிப்பது வேறு. எனக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும். ஆனால் 'ஸ்வாகதம்' என்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, அந்த வடிவம் கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். நடுவில் ஒரு எழுத்தை மாற்றி எழுதி வைத்தாலும் எனக்குத் தெரியாது.

#11 கட்டபெட்டு

எங்கள் பக்கம் மாநில எல்லை இல்லை, பர்லியாறு தாண்டினால் மாவட்டம் மாறும். அங்கே வரவேற்கிற பலகை ஒன்று என்றால் தடுக்கிற பலகை ஒன்பது. தண்ணீர் பாட்டில் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, குரங்குக்குத் தின்னக் கொடுக்காதே, இரண்டாவது கியரில் வா. 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு. 2025 ஏப்ரலில் சீசனுக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று கணக்குக் கட்டினார்கள். 'அன்புடன் வரவேற்கிறது' என்று எழுதிவிட்டுக் கீழேயே எண்ணிக்கை வைத்திருக்கிற ஊர் எங்களுடையது. குறை சொல்லவில்லை. மே மாதம் குன்னூர் ரோட்டில் மூன்று மணி நேரம் நின்றவன் நான், எண்ணட்டும்.

டி.என். 43, அதாவது நீலகிரி நம்பர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம். என் மச்சான் கோவை நம்பர் வண்டி வைத்திருக்கிறான். சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் பாஸ் போட்டுக்கொண்டு வந்தான். ஹெத்தையம்மன் பண்டிகைக்குச் சுற்றுலாப் பயணி என்று பதிவு செய்யவா என்று கேட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தோம்.

#12 சீகூர் காற்று

கக்கநல்லாவைப் பகலில் பார்த்தவர்கள்தான் எல்லை அங்கே இருக்கிறது என்பார்கள். 2009லிருந்து பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. ஆம்புலன்சும் குறிப்பிட்ட சில பஸ்களும் மட்டும் போகலாம். இந்தப் பக்கம் தொரப்பள்ளியில் கேட், அந்தப் பக்கம் மேலுகாமனஹள்ளியில் கேட். இரண்டுக்கும் நடுவில் உள்ள முதுமலை, பந்திப்பூர் இரண்டும் அந்த ஒன்பது மணி நேரத்துக்கு எந்த மாநிலம் என்று எனக்குத் தெரியாது. கக்கநல்லாவில் இரண்டு வரவேற்புப் பலகையும் இருட்டில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

மைசூரிலிருந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து மேலுகாமனஹள்ளியில் 9.05க்கு மாட்டினேன். ஐந்தே நிமிடம். கேட்டில் இருந்தவர் கடிகாரத்தைக் காட்டினார், பேச்சே இல்லை. குண்டல்பேட் திரும்பிப் போய் லாட்ஜில் படுத்து, ஆறு மணிக்கு வரிசையில் நின்றோம். பனியில் கக்கநல்லா பாலம் தாண்டி 'தமிழ்நாடு தங்களை' என்று பார்த்தபோது உள்ளுக்குள் என்னவோ செய்தது. பல் கூடத் துலக்கவில்லை.

#13 நெறியாளர்

இந்த இடத்தில் இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பலகையில் எந்த மொழி இருக்கலாம் என்று பேசுங்கள், எந்த மொழிக்காரன் எப்படிப்பட்டவன் என்று பேச வேண்டாம்.

#14 கொடை மேகம்

பொறாமையாக இருக்கிறது. பழனி மலையில் எங்களுக்கும் ஒரு எல்லை உண்டு, ஆனால் யாரும் தாண்ட முடியாது. பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போய் மூணாறில் இறங்குகிற பழைய எஸ்கேப் ரோட்டை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. வரவேற்க ஆள் இல்லாததால் பலகையும் இல்லை.

#15 பந்தலூர் பேரன்

'இந்தப் பலகைகள் யாருக்காக' என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. எங்கள் தாத்தா கதை.

இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த குடும்பம் நாங்கள். சர்க்கார் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்', ஊர்க்காரர்கள் வாயில் 'சிலோன்காரர்கள்'. தாத்தா பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அவர் திரும்பி வந்த தாயகத்தை அதற்கு முன்னால் ஒரு நாளும் பார்த்ததில்லை. மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து ரயில், பஸ், கடைசியில் லாரி. சேரம்பாடியில் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை போட்டார்கள். வந்து இறங்கிய அன்று நல்ல மழை. மறுநாள் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் மலையாளம் பேசுகிறார். டீக்கடையில் மலையாளம். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரில்கூட மலையாள எழுத்து. தாத்தாவுக்குத் தமிழும் சிங்களமும் படிக்க வரும், இது இரண்டும் இல்லை. தமிழ்நாடு என்று சொல்லி வேறு எங்கேயோ கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்று பயந்துவிட்டார். பாட்டியிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் கேட்காமல் ரோட்டைப் பிடித்துச் சோலாடி வரைக்கும் நடந்திருக்கிறார். அங்கே ஒரு பலகை. இவர் பக்கம் பலகையின் முதுகு, வெறும் தகடு. அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தால் 'தமிழ்நாடு'. அப்படியானால் தான் வந்த பக்கம்தான் தமிழ்நாடு! மனசு ஆறித் திரும்பி வந்து பாட்டியிடம் முதல் தடவையாகச் சொன்னாராம், "சரியான எடத்துலதான் எறக்கியிருக்கான்" என்று.

இந்தக் கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பலகையில் என்ன வாசகம் இருந்தது என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். முதுகுப் பக்கம் வெறும் தகடு என்பது மட்டும் மாறவே மாறாது.

#16 கூடலூர் மழை

பேரனுக்கு நன்றி. நான் முதல் பதிவில் கேட்டது கிட்டத்தட்டக் கேலியாகத்தான். பலகை வருகிறவரைப் பார்த்து நிற்கிறது என்று எழுதினேன். வருகிறவர் என்றால் விருந்தாளி என்றே நினைத்துவிட்டேன். பத்தேரி பஸ் ஆறரைக்குத் திரும்பி வரும்போது அதில் இருக்கிறவர்களும் வருகிறவர்கள்தானே. சீகூர் காற்றும் பல் துலக்காமல் அதைத்தான் படித்திருக்கிறார்.

#17 தூரிகை

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். பலகை எழுதினவன் ஒருத்தனும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். இப்போது கடை இல்லை, ஃபிளெக்ஸ் வந்து எல்லாம் போயிற்று.

கையால் எழுதுகிற காலத்தில் இந்த வாசகம் பெரிய தலைவலி. 'தமிழ்நாடு தங்களை அன்புடன் வரவேற்கிறது', எண்ணிப் பாருங்கள், 21 எழுத்து. கன்னடத்தில் 'சுஸ்வாகத' நாலே எழுத்து, மலையாளத்தில் 'ஸ்வாகதம்' மூன்று. மூன்று மாநிலத்துக்கும் தகடு ஒரே அகலம்தான். அதனால் அவர்கள் எழுத்து கொழுத்து நிற்கும், நம் எழுத்து இளைத்துப்போகும். 'நல்வரவு' என்று ஐந்து எழுத்தில் முடியுங்கள் என்று காண்டிராக்டரிடம் கெஞ்சியிருக்கிறேன். அது வீட்டு மிதியடி வாசகம் என்றார்.

ஜி.ஐ. தகட்டுக்கு முதலில் ரெட் ஆக்சைடு, அப்புறம் இரண்டு கோட்டிங் மஞ்சள். காய்ந்ததும் நூல் அடித்து, சாக்பீஸால் கட்டம் போட்டு, கறுப்பு எனாமல். தேவாலாப் பக்கத்து மழையில் காய வைப்பதற்குள் உயிர் போய்விடும். எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் பழைய ஆள். 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் 'ளை' எழுதினால் பழைய மாதிரி தும்பிக்கை தூக்கித்தான் எழுதுவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதில் எனக்கு ஒரு லாபமும் உண்டு, புது 'ளை' இடத்தை அடைக்கும்.

1994ல் ஒரு எல்லைக்கு எழுதினேன், எந்த இடம் என்று இங்கே சொல்ல மாட்டேன். மழை வருகிற அவசரம். எழுதி, கம்பத்தில் ஏற்றி, காண்டிராக்டர் பார்த்து, அதிகாரி பார்த்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. எதிரே டீக்கடை வைத்திருந்த சேட்டன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார், "தம்பி, அந்த 'ற'வுக்குப் புள்ளி வேண்டாமா?" பார்த்தால் 'வரவேறகிறது'. அந்த ரோட்டில் அத்தனை தமிழர்கள் போய் வந்தார்கள், கண்டுபிடித்தவர் அவர். சினிமா போஸ்டர் பார்த்துத் தமிழ் கற்றவராம். ஏணியை மறுபடி போட்டுப் புள்ளி வைத்தேன். ஆனால் அடிக்கிற காற்றில் கை நடுங்கிப் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் புள்ளி மட்டும்தான் தெரியும்.

#18 பத்தேரி பஸ்

அண்ணா, சேட்டன் பெயரைச் சொல்லி என் எதிர்வாதத்தை நீங்களே ஜெயிக்க வைத்துவிட்டீர்கள். அந்தப் பலகை இப்போது இருக்கிறதா?

#19 தூரிகை

இல்லை. மின்னுகிற ஸ்டிக்கர் தாள் ஒட்டிய பலகை வந்தபோது இதைக் கழற்றிவிட்டார்கள். பழைய தகட்டைச் சேட்டன் கேட்டு வாங்கி விறகுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டதாகக் கேள்வி. இடத்தைக் கூடலூர் மழைக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் தம்பி.

#20 கூடலூர் மழை

அண்ணா, இன்று காலை போய் வந்தேன். சேட்டன் காலமாகிவிட்டார், மகன்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். கொட்டகை இருக்கிறது. தகட்டை மூன்றாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எழுத்து உள்பக்கம். விறகை நகர்த்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் இன்னும் உரியவில்லை, புகை பிடித்துக் கொஞ்சம் பழுத்திருக்கிறது.

ஒரு துண்டில் 'ங்களை அன்பு' வரைக்கும் முழுதாக இருக்கிறது. உங்கள் 'ளை' தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்றில் 'தமிழ்'. மூன்றாவது துண்டில் 'வரவே' என்பதோடு வெட்டு. மீதியை எங்கே என்று மகனிடம் கேட்டேன். கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டிருந்தது, போன மழையில் துருப்பிடித்து விழுந்துவிட்டது என்றார்.

படங்களைச் சாயங்காலம் ஏற்றுகிறேன். இங்கே சிக்னல் சரியில்லை, கேரளத்து டவரையே பிடிக்கிறது.